அண்டெனா பதிவுப் பெட்டி: படம் உடைந்தால் எங்கே தேடுவது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) பாதி வீடுகள் கட்டணத் தொலைக்காட்சிக்கும் இணையத்துக்கும் மாறிவிட்டன. எங்கள் கூரையில் இன்னும் அண்டெனாதான். அம்மாவுக்கு டிவி2-இல் வரும் தமிழ்ச் செய்தியும் தொடரும் வேண்டும்; ஆனால் அவை வருகிற நேரத்தில் அவர் கோவிலில் இருப்பார், இல்லாவிட்டால் சமையற்கட்டில் இருப்பார். அதற்காகத்தான் இந்தப் பெட்டியை வாங்கினேன். மைஃப்ரீவியூ என்ற இலவச டிஜிட்டல் ஒளிபரப்பை அண்டெனா வழியாக ஏற்கும் டிவிபி-டி2 வகைப் பெட்டி. யுஎஸ்பி துளையில் ஹார்ட் டிஸ்க்கைச் செருகினால் பதிவும் செய்யும். விலை சுமார் 100 ரிங்கிட். பெட்டியின் பெயரை எழுதப்போவதில்லை. உள்ளே ஒரே பலகையும் திரையில் ஒரே மெனுவுமாகப் பல பெயர்களில் இவை விற்கின்றன. இங்கே சொல்வதில் பெரும்பகுதி அவை எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

வாங்கிச் சில ஆண்டுகள் ஆகின்றன. நேரடி ஒளிபரப்பைக் காட்டுவதில் குறை சொல்ல முடியாது. பதிந்ததைத் திரும்பப் போடும்போதுதான் வம்பு: படம் கட்டம் கட்டமாக உடையும், நின்று நின்று ஓடும், ஒலி உதட்டசைவுக்குப் பின்னால் வரும், சில நேரம் பட்டியலில் பெயர் இருக்கும், திறந்தால் கறுப்புத் திரை. அண்டை வீட்டுப் பெரியப்பா தோட்டத்தில் மின்வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வந்து பார்த்துவிட்டு, “பெட்டி கெட்டுவிட்டது தம்பி, வேறு வாங்கு” என்று ஒரே வரியில் தீர்ப்பு சொன்னார். பெட்டி கெடவில்லை. இத்தனை காலம் பழகிய பிறகு என் எண்ணம் இதுதான்: ஓட்டும்போது கண்ணில் படுகிற கோளாறுகளில் பெரும்பாலானவை பதியும்போதே உள்ளே புகுந்தவை. பெட்டியை மாற்றினாலும் அவை போகாது.

அதனால் கடைக்குக் கிளம்பும் முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு, காசு செலவில்லை. படம் உடைந்த இடத்தின் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் பின்னால் போய் அதே இடத்தை மறுபடி ஓட்டுங்கள். அதே நொடியில் அதே மாதிரி உடைந்தால் பழுது கோப்பிலேயே இருக்கிறது. இந்த முறை அந்த இடம் ஒழுங்காக ஓடி வேறெங்கோ தடுமாறினால், கோப்பு நல்லது. டிஸ்க்கோ கேபிளோ பெட்டியோ படிப்பதில் திணறுகிறது. சந்தேகம் தீராவிட்டால் டிஸ்க்கைக் கழற்றி மடிக்கணினியில் செருகி, விஎல்சி என்ற இலவசப் படம் ஓட்டும் நிரலில் அதே இடத்தைப் பாருங்கள். இவ்வகைப் பெட்டிகள் பெரும்பாலும் ஒளிபரப்பு வந்தபடியே டிஎஸ் கோப்பாக எழுதுவதால் விஎல்சி தடையில்லாமல் திறக்கும். ஆனால் தொலைக்காட்சிக்குள்ளேயே இருக்கும் பதிவு வசதியில் இதைச் செய்ய முடியாமல் போகலாம். பல தொலைக்காட்சிகள் பதிவைப் பூட்டி வைக்கின்றன. அந்தத் தொலைக்காட்சியைத் தவிர வேறெதிலும் ஓடாது. தனிப் பெட்டியை நான் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பழுது கோப்பில்தான் என்று தெரிந்தால் கூரையைப் பார்க்க வேண்டும். பழைய அனலாக் காலத்தில் சிக்னல் குறைந்தால் படத்தில் புள்ளி விழும், நிழல் விழும், ஆனாலும் பார்க்கலாம். 2019 அக்டோபர் 31-உடன் நாடு முழுவதும் அனலாக் நின்றுவிட்டது. டிஜிட்டலில் அந்த இடைநிலை கிடையாது. ஒரு அளவுவரை பிழைகளைப் பெட்டியே திருத்திக்கொண்டு தெளிவான படத்தைக் காட்டும். அந்த அளவு தாண்டியதும் சட்டென்று உடையும். படத்தைச் சுருக்கி அனுப்பும் எச்.264 முறையில் ஒவ்வொரு படமும் முழுதாக வருவதில்லை. இடையிடையே ஒரு முழுப் படம், மற்றவை முந்தைய படத்திலிருந்து மாறியது என்ன என்ற விவரம் மட்டும். ஆகவே ஒரு கணம் சிக்னல் அறுந்தாலும் அடுத்த முழுப் படம் வரும்வரை திரை குழம்பிக் கிடக்கும். நேரடியாகப் பார்க்கும்போது இதைப் பெரிதாகக் கவனிக்க மாட்டோம். பதிவில் அது நிரந்தரமாகிவிடுகிறது, திரும்பத் திரும்பப் பார்க்கும்போது எரிச்சலும் சேர்கிறது.

எங்களுக்கு ஈப்போ பக்கம் கிளேடாங் மலையிலிருந்து சிக்னல் வருகிறது. இடையில் செம்பனை. வீடு கட்டிய காலத்தில் தோளுயரத்தில் இருந்த மரங்கள் இப்போது கூரையைத் தாண்டிவிட்டன. தொலைக்காட்சி வரும் யுஎச்எஃப் அலைகளை இலை கொஞ்சம் தடுக்கும்; மழையில் நனைந்த மட்டை இன்னும் அதிகமாகத் தடுக்கும். மழை விட்ட பிறகும் அரை மணி நேரம் படம் உடைவது அதனால்தான். அண்டெனாக் கம்பத்தை ஒரு குழாய் அளவு உயர்த்தியது மற்ற எல்லாச் செலவையும்விடப் பலன் தந்தது.

பெட்டியின் மெனுவில் சிக்னலுக்கு இரண்டு பட்டைகள் இருக்கும்: ஒன்று பலம், மற்றது தரம். எல்லாரும் பலத்தைத்தான் பார்க்கிறார்கள். பதிவுக்கு முக்கியம் தரம். பலம் நிறைந்து தரம் ஆடிக்கொண்டிருந்தால் சிக்னலுக்குப் பஞ்சமில்லை, வேண்டாத அலை எங்கிருந்தோ கலக்கிறது என்று பொருள். இங்கேதான் பழைய பூஸ்டர் விஷயம் வருகிறது. அனலாக் காலத்துப் பூஸ்டர்கள் 862 மெகாஹெர்ட்ஸ் வரை எல்லாவற்றையும் பெருக்கும். இப்போது தொலைக்காட்சி 694-க்குக் கீழே சுருங்கிவிட்டது; மேலே உள்ள 700 மெகாஹெர்ட்ஸ் பகுதி கைப்பேசி அலைகளுக்கு. பக்கத்தில் கைப்பேசிக் கோபுரம் இருந்தால் பழைய பூஸ்டர் அதையும் சேர்த்துப் பெருக்கிப் பெட்டியைத் திணறடிக்கும். பூஸ்டரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். பலப் பட்டை இறங்கும், தரப் பட்டை ஏறும், பதிவு சுத்தமாகும். பூஸ்டர் இல்லாமல் முடியாது என்றால் 694-க்கு மேல் வடிகட்டும் வகையைக் கேட்டு வாங்க வேண்டும்.

கேபிளைப் பற்றி ஒரு வார்த்தை. கூரையில் உள்ள இணைப்பைத் திறந்து பாருங்கள். உள்ளே பச்சை பிடித்திருந்தால் தண்ணீர் இறங்கிவிட்டது. அந்தக் கேபிளைத் துடைத்துப் பயனில்லை. வெட்டி எறிந்துவிட்டுப் புதிய ஆர்ஜி-6 போடுவது மலிவு.

இரண்டாவது பெரிய காரணம் சேமிப்புச் சாதனம். என் மச்சான் இரவுச் சந்தையிலிருந்து 256 ஜிபி என்று அச்சடித்த பென்டிரைவ் ஒன்றை வாங்கிவந்து பெருமையாகக் கொடுத்தார். முதல் சில பதிவுகள் அழகாக ஓடின. பிறகு பதிந்தவை எல்லாம் பட்டியலில் இருந்தன, அளவும் சரியாகக் காட்டின, உள்ளே ஒன்றுமில்லை. போலிப் பென்டிரைவின் குணம் இது. உள்ளே இருக்கும் சில்லு சிறியது. பெரியது என்று கணினிக்குப் பொய் சொல்லும். உண்மையான இடம் நிரம்பிய பின் எழுதுவதெல்லாம் வீண். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச நிரலை மடிக்கணினியில் ஓட்டினால் குட்டு உடைந்துவிடும். டிரைவை முழுவதும் எழுதித் திரும்பப் படித்து உண்மை அளவைச் சொல்லும். நேரம் பிடிக்கும், இரவில் ஓடவிட்டுத் தூங்கலாம். மச்சானிடம் முடிவைச் சொன்னபோது, “அவன் நல்ல பையன், தெரியாமல்தான் விற்றிருப்பான்” என்றார். அதற்கு மேல் நான் பேசவில்லை.

போலி இல்லாவிட்டாலும் பென்டிரைவ் இந்த வேலைக்கு ஏற்றது என்று சொல்ல மாட்டேன். சராசரி எழுதும் வேகம் போதுமானதாக இருக்கலாம். நொடிக்கு 5 மெகாபிட் ஓட்டம் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 2.25 ஜிபிதான். ஆனால் மலிவான டிரைவ்கள் நடுநடுவே மூச்சு வாங்கும். அந்த இடைவெளியில் பெட்டியின் சிறிய நினைவகம் நிரம்பி வழிந்தால் படத்தில் துண்டு விழும். ஹார்ட் டிஸ்க்கில் இந்தத் தொல்லை குறைவு, வேறு தொல்லை உண்டு: மின்சாரம். யுஎஸ்பி 2.0 துளை தர வேண்டியது 500 மில்லி ஆம்பியர். 2.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும் கணத்தில் அதைவிட அதிகம் கேட்கும். டிக் டிக் என்று ஒலி, பட்டியல் காணாமல் போவது, பதிவு பாதியில் நிற்பது எல்லாம் அதன் அடையாளம். தனி மின்சாரம் உள்ள யுஎஸ்பி ஹப் ஒன்றை நடுவில் வைத்ததும் எங்கள் வீட்டில் இது முற்றாக நின்றது. பதிவைத் திறந்ததும் சில நொடி கறுப்பாக இருந்துவிட்டு ஓடுவது மட்டும் பழுதில்லை. உறங்கிய டிஸ்க் எழுகிறது, அவ்வளவுதான்.

தமிழ்ப் படம் பதிவோருக்கென்றே அமைந்தாற்போல் ஒரு சிக்கல் இருக்கிறது. பெட்டியின் மெனுவிலிருந்து டிஸ்க்கை ஃபார்மேட் செய்தால் பல பெட்டிகள் ஃபேட்32 முறையில் செய்யும். அதில் ஒரு கோப்பு 4 ஜிபி-யைத் தாண்டக் கூடாது. மேலே சொன்ன வேகத்தில் கணக்குப் போட்டால் ஏறத்தாழ 1 மணி 54 நிமிடத்தில் கோப்பு நிறைந்து, பெட்டி அடுத்த கோப்பைத் தொடங்கும். இரண்டரை மணி நேரப் படத்தில் அது எந்த இடம் என்று யோசித்துப் பாருங்கள். கதாநாயகன் வில்லனின் கோட்டைக்குள் நுழைகிற நேரத்தில் படம் ஒரு துள்ளுத் துள்ளும். சில பெட்டிகளில் அங்கேயே நின்று பட்டியலுக்குத் திரும்பிவிடும், மிச்சத்தைத் தனியாகத் தேடித் திறக்க வேண்டும். டிஸ்க்கை மடிக்கணினியில் அந்த வரம்பு இல்லாத என்டிஎஃப்எஸ் முறைக்கு மாற்றினால் தீர்ந்தது. ஆனால் சில பெட்டிகள் என்டிஎஃப்எஸ்-ஐப் படிக்கும், எழுதாது. முதலில் என்டிஎஃப்எஸ் செய்த வேறொரு டிரைவில் ஒரு சிறு பதிவு போட்டுப் பார்த்துவிட்டு மாற்றுங்கள். ஃபார்மேட் செய்தால் பழையவை அழிந்துவிடும் என்பதால் தேவையானதை முன்பே நகல் எடுத்துவிட வேண்டும்.

மின்தடை எங்களுக்குப் புதிதல்ல. பதிவு நடக்கும்போது மின்சாரம் போனால் பெட்டி கோப்பை ஒழுங்காக மூடாது. பட்டியலில் பூஜ்ஜியம் நிமிடம் என்று காட்டும். உடனே அழித்துவிடாதீர்கள். மடிக்கணினியில் டிஸ்க்கைப் பிழை சோதனை செய்த பிறகு விஎல்சி-யில் திறந்தால் பெரும்பகுதி கிடைப்பதுண்டு. பெட்டி ஒவ்வொரு பதிவுக்கும் பக்கத்தில் சிறு குறிப்புக் கோப்புகளையும் வைக்கிறது. கணினியில் இடத்தைச் சுத்தம் செய்கிறேன் என்று அவற்றை அழித்தால் பெட்டிக்கு அந்தப் பதிவே தெரியாமல் போகும். அழிப்பதைப் பெட்டியின் மெனுவிலேயே செய்வது நல்லது. இடி இறங்கும் மாலைகளில், குறிப்பாக ஏப்ரல், மே, பிறகு அக்டோபர், நவம்பரில், பதிவு போனால் போகட்டும் என்று மின் செருகியையும் அண்டெனாக் கேபிளையும் கழற்றிவிடுகிறோம். செருகியை மட்டும் கழற்றுவது அரைப் பாதுகாப்புதான். மின்னல் கூரைக் கம்பி வழியாகவும் இறங்கும்.

நிகழ்ச்சியின் தொடக்கமோ முடிவோ இல்லாமல் பதிவாவதைப் பலர் பழுது என்கிறார்கள். பெட்டியின் கடிகாரத்தைப் பாருங்கள். ஒளிபரப்பில் உலகப் பொது நேரம் வருகிறது. நம் பகுதிக்குரிய 8 மணி நேரத்தைப் பெட்டி கூட்டிக்கொள்கிறது. பகுதி தவறாக இருந்தால் டைமர் வேறு நேரத்தில் விழித்துக்கொள்ளும். மெனுவில் அரை மணிப் படிகளும் உண்டு. 7:30-ஐத் தேர்ந்தெடுத்தால் பெட்டி 1981-க்குப் போய்விடும், ஏனென்றால் அதுவரை 7:30-இல் இருந்த தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1 முதல்தான் 8 மணி நேரத்துக்கு மாறியது. நேரம் சரியாக இருந்தாலும் நிகழ்ச்சிகள் சில நிமிடம் தள்ளிப்போவது வழக்கம். முன்னால் ஐந்து நிமிடமும் பின்னால் கால் மணியும் சேர்த்தே டைமர் வைக்கிறேன்.

ஒலி விலகுவது பெரும்பாலும் சிக்னல் அறுந்த இடத்துக்குப் பிறகு தொடங்கும். ரிமோட்டில் சிறிது முன்னே தாவிப் பின்னே வந்தால் சேர்ந்துகொள்ளும். நேரடி ஒளிபரப்பை நிறுத்தி வைத்துப் பிறகு தொடர உதவும் டைம்ஷிஃப்ட் வசதியை அணைத்து வையுங்கள். நாம் கேட்காமலேயே அது டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருக்கும், அந்த நேரத்தில் பழைய பதிவைப் போட்டால் இரண்டும் தடுமாறும்.

இத்தனைக்குப் பிறகும் சரிசெய்ய முடியாத குறை ஒன்று உள்ளது. பெட்டிக்கு ஒரே டியூனர், அதாவது ஒரு நேரத்தில் ஒரே அதிர்வெண்ணைத்தான் பிடிக்கும். ஒரு அலைவரிசை பதிவாகும்போது அதே அதிர்வெண்ணில் வரும் மற்ற அலைவரிசைகளை மட்டுமே பார்க்கலாம். வேறு அதிர்வெண்ணுக்குப் போக முயன்றால் பதிவை நிறுத்தவா என்று கேட்கும். அவசரத்தில் யாராவது ‘ஆம்’ அழுத்தினால் அன்றைய தொடர் பாதியோடு சரி. வீட்டில் இருவருக்கு இரண்டு விருப்பம் என்றால் வாங்கும் முன் இதை யோசியுங்கள். நான் அடுத்து வாங்குவதாக இருந்தால் இரண்டு டியூனர் இருக்கிறதா, என்டிஎஃப்எஸ் டிஸ்க்கில் எழுதுமா, பதிவு பூட்டில்லாமல் டிஎஸ் கோப்பாகக் கிடைக்குமா என்ற மூன்றையும் கடைக்காரரைச் செய்து காட்டச் சொல்லிப் பார்த்த பிறகுதான் பணம் கொடுப்பேன்.