இத்தாலியில பாரி விமான நிலையத்துல வாடகைக் கார் எடுக்கப் போறீங்களா? 720 யூரோ போச்சு, படிச்சிட்டுப் போங்க

நேத்து ராத்திரி கார்டுலருந்து 720 யூரோ எடுத்துட்டாங்க. ஒரு சக்கரத்துல விரல் நீளக் கீறலுக்கு!

ஊர் தெற்கு இத்தாலி, பூலியா. பொலிஞ்ஞானோ, மொனோப்போலி மாதிரி கடற்கரை ஊருக்கெல்லாம் பாரியிலிருந்து ரயிலே போதும். கடற்கரையை விட்டு உள்பக்கம் லோக்கொரொத்தோந்தோ, சிஸ்தெர்னினோ, கூம்புக் கூரை ட்ருல்லி வீடுகள் நிக்கிற தோட்டங்கள்னு சுத்தத்தான் கார். அந்தப் பாதைகள்ல ரெண்டு பக்கமும் சாந்து பூசாம அடுக்கின கல் சுவர். எதிர்ல வண்டி வந்தா ஒதுங்கணும், ஒதுங்கினா சக்கரம் கல்லுல உரசும். வாடகைக்காரனுக்கு இது தெரியாதா? அடிப்படைக் காப்பீட்டுல டயர், சக்கரம், கண்ணாடி, வண்டியோட அடிப்பாகம் பெரும்பாலும் சேராது.

விலை ஒப்பிடுற தளத்துல கார் புக் பண்ணி, அங்கயே "முழுக் காப்பீடு"ம் வாங்கியாச்சு. கவுண்டர்ல இருந்தவர் போனைப் பாத்துட்டு, "இது இருக்கே, அப்புறம் என்ன கவலை?"ன்னு சிரிச்சார். சிரிச்சுக்கிட்டே கார்டுல 1,200 யூரோவைப் பிணையா முடக்கினார். தளத்துல வாங்கின காப்பீடு கார் கம்பெனியைக் கட்டுப்படுத்தாது. முதல்ல நாம கட்டணும், அப்புறம் தளத்துக்கிட்ட திரும்பக் கேக்கணும்.

இடது முன்சக்கரத்துல கீறல் அப்பவே இருந்தது. காட்டினா, "இவ்வளவு சின்னதையெல்லாம் நாங்க எழுதுறதில்ல." டேப்லெட்ல கையெழுத்து. அந்தக் கையெழுத்தோட விலைதான் 720.

இப்போ கவுண்டர்ல கேட்டா "மெயில் போடுங்க". மெயிலுக்குப் பதில், "உங்க காப்பீட்டுத் தளத்தைக் கேளுங்க". தளம் பழுது பாத்த பில் கேக்குது. கம்பெனி தர்றது ஒரு போட்டோ, கீழ 720னு ஒரு எண். பில் கிடையாதாம்.

என்ன செய்யலாம்னு விரிவா எழுதத்தான் நினைச்சேன், பொறுமை இல்ல. எழுதாத கீறல் நீங்க போட்ட கீறல்தான், எழுதாம கையெழுத்துப் போடாதீங்க. நாலு சக்கரத்தையும் குந்தி உக்காந்து வீடியோ எடுங்க, விடும்போதும் எடுங்க. சாவியைப் பெட்டியில போட்டுட்டு ஓடாதீங்க, ஆள் பாத்து எழுதித் தரட்டும். பழைய ஊருக்குள்ள நுழையிற இடத்துல "வார்கோ ஆத்திவோ"ன்னு பலகை எரிஞ்சா அனுமதியில்லாத வண்டி நுழையக் கூடாது, கேமரா ஓடுதுன்னு அர்த்தம், திரும்பிடுங்க. நுழைஞ்சா அபராதம் தனியா வரும், உங்க விலாசத்தைப் போலீசுக்குக் கொடுத்ததுக்குக் கம்பெனி தனியா ஒரு கட்டணம் பிடிக்கும்.

பேங்க்ல புகார் கொடுத்தாச்சு. 720 இன்னும் வரல.