பள்ளம் எண்ணி வயது சொல்வது: கட்டமா, பாய்சானா, கெர்னலா?

ஜோகன்னஸ்பர்க் பக்கத்து நம் லெனேசியாவிலிருந்து காரில் போய் அன்றைக்கே திரும்பிவிடலாம், விண்கல் மோதி உண்டான ஃப்ரெடஃபோர்ட் பள்ளம் அவ்வளவு பக்கம். அதன் வயது சுமார் 202 கோடி ஆண்டு. சிர்க்கான் என்னும் கனிமத்தின் மணிகளில், யுரேனியம் சிதைந்து ஈயமாகும் கணக்குப் போட்டுக் கண்டது. நிலவிலும் செவ்வாயிலும் பெரும்பாலான இடங்களிலிருந்து கல் கைக்கு வராது. பள்ளங்களை எண்ணித்தான் தரையின் வயதைச் சொல்ல வேண்டும்: தரை பழையதானால் பள்ளம் அதிகம்.

பழைய வழி, பள்ளங்களின் விட்டத்தைக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் எண்ணுவது: 1, 1.41, 2 கி.மீ. என்று. எண்ணிக்கையின் வர்க்கமூலம்தான் பிழை. 400 பள்ளம் இருந்தால் 5 சதவீதம், கவலையில்லை. ஒன்றே ஒன்று இருந்தால் பிழைக்கோடு சுழியைத் தொடும். மடக்கை வரைபடத்தில் சுழிக்கு இடமே கிடையாது. காலிக் கட்டம் கணக்கிலேயே வராது. குவித்துக் கூட்டிய வரைபடம் இன்னும் மோசம்: ஒவ்வொரு புள்ளியும் தன்னைவிடப் பெரிய பள்ளங்களையெல்லாம் சுமப்பதால், கோடு வழவழப்பாக இருப்பதை நம்ப முடியாது.

மைக்கேலும் குழுவினரும் 2016இல் தந்த பாய்சான் வழியில் (தனித்தனியாக, தற்செயலாக நடப்பவற்றுக்கான நிகழ்தகவுக் கணக்கு) கட்டமே இல்லை. ஒவ்வொரு வயதுக்கும் 'இந்தப் பரப்பில் இந்தப் பள்ளங்கள் விழ எவ்வளவு வாய்ப்பு' என்று கணித்து, வயதுக்கே ஒரு நிகழ்தகவு வளைவு தருகிறது. பள்ள எண்ணிக்கையை வயதோடு இணைக்கும் நாய்கும் சூத்திரப்படி, 100 கோடி ஆண்டு வயதான நிலவுத் தரையில் 1,000 சதுர கி.மீ.க்கு 1 கி.மீ.க்கு மேற்பட்ட பள்ளம் (ப்ரிட்டோரியா அருகே ட்ஸ்வைங் அளவு) சராசரி 0.84. ஒன்றுகூட இல்லாதிருக்க 43 சதவீத வாய்ப்பு. 300 கோடி ஆண்டுத் தரையில் அது 8 சதவீதத்துக்கும் கீழ். ஆக, வெறுந்தரையும் சாட்சி சொல்லும்.

கெர்னல் வழி வயதைவிடப் பரவலின் வடிவத்துக்கு ஏற்றது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு மணிவடிவ மேடு. அகலம் விட்டத்தில் 10 சதவீதம் போல. கூட்டினால் வளைவு, பூட்ஸ்டிராப் செய்தால் (அதே பள்ளங்களிலிருந்து மீண்டும் மீண்டும் மாதிரி எடுத்தால்) பிழைப்பட்டை. எரிமலைக்குழம்பு பழைய தரையை மூடியிருந்தால் வளைவில் மடிப்பு தெரியும். சிறிய முனையில் வளைவு பொய்யாகச் சரியும், அதை வெட்டிவிடுங்கள். படத்தில் 10 பிக்சலுக்குக் குறைந்ததை எண்ணவே வேண்டாம்.

பள்ளம் சில பத்துதான் என்றால் பாய்சானே என் தேர்வு. பள்ளம் எண்ணி வயது காணும் க்ரேட்டர்ஸ்டாட்ஸ் மென்பொருளில் அது இருக்கிறது. கட்டங்கள், பழைய கட்டுரைகளோடு ஒப்பிட மட்டும்.

ஒரு மோதல் வாரி இறைத்த கற்களால் கொத்தாகவும் சங்கிலியாகவும் விழுந்த இரண்டாம்நிலைப் பள்ளங்கள் இந்த மூன்று வழிகளையும் கவிழ்க்கும், ஏனெனில் அவை தனித்தனியாக விழுந்தவை அல்ல. பாய்சான் அங்கே தவறான வயதுக்குக் குறுகிய பிழை காட்டும். அவற்றை நீக்கும்போது அந்த இடத்தின் பரப்பையும் கழிக்க வேண்டும். மறந்தால் தரை உள்ளதைவிட இளமையாக வரும்.