மீத்தேனிலிருந்து மெத்தனால்: சுற்று வழியா, நேர் வழியா?

இயற்கை வாயுவின் முக்கியப் பகுதியான மீத்தேனை மெத்தனால் என்ற ஆல்கஹாலாக மாற்ற ஆலைகளில் இன்று ஓடுவது சுற்று வழிதான். முதலில் நிக்கல் வினையூக்கியின் மேல் நீராவியோடு 800 டிகிரி செல்சியஸ் வாக்கில் சூடாக்கி, மீத்தேனைக் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனுமாக உடைக்கிறார்கள். அப்புறம் செம்பு, துத்தநாக ஆக்சைடு, அலுமினா கலந்த வினையூக்கி அவற்றை 250 டிகிரி வாக்கில், 50 முதல் 100 பார் அழுத்தத்தில் மெத்தனாலாக்குகிறது. 1960களில் ஐ.சி.ஐ. என்ற பிரிட்டிஷ் வேதியியல் நிறுவனம் கொண்டுவந்த முறை. இன்னும் அசைக்க முடியவில்லை. முதல் படிதான் எரிபொருளைத் தின்கிறது.

நேர் வழியில் ஒரே ஓர் ஆக்சிஜன் அணுவை மீத்தேனில் செருகினால் போதும். கேட்க எளிது. ஆனால் மீத்தேனின் கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பை உடைக்க மோலுக்குச் சுமார் 439 கிலோஜூல் வேண்டும்; மெத்தனாலுக்குச் சுமார் 402. மீத்தேனையே உடைக்கும் வினையூக்கி மெத்தனாலை விட்டுவைக்குமா? கார்பன் டை ஆக்சைடு வரை கொண்டுபோய் விட்டுவிடும். செம்பேற்றிய சியோலைட்டுகள் (நுண்துளைகள் நிறைந்த படிகங்கள்) இதற்கு ஒரு தந்திரம் செய்கின்றன. நுண்துளைக்குள் உருவாகும் மெத்தாக்சி தொகுதி, அதாவது மெத்தனாலாக மாறுவதற்கு முந்தைய துண்டு, அங்கேயே ஒட்டிக்கொள்ளும். பிறகு நீராவி விட்டு மெத்தனாலாக எடுக்கலாம். ஒவ்வொரு சுற்றுக்கும் நிறுத்தி, ஆக்சிஜனில் சூடாக்கி, மறுபடி தொடங்க வேண்டும். கிடைப்பதும் கொஞ்சம்தான்.

பெரிய ஆலை என்றால் நான் சுற்று வழிக்கே ஓட்டுப் போடுவேன். எண்ணெய்க் கிணற்றருகே வீணாக எரிக்கப்படும் வாயுவுக்குத்தான் நேர் வழி தேவை. அவ்வளவு சின்ன இடத்தில் நீராவி உலை கட்டுவது கட்டுப்படியாகாது.