மை-கா நின்றால் எதைப் பிடிப்பது?

2010 பிப்ரவரி 16, செவ்வாய்க்கிழமை. பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு, அடுத்த வகுப்புக்குப் பணம் கேட்கலாம் என்று கணினி முன் உட்கார்ந்த அமெரிக்க ராணுவ வீட்டுப் பெண்களுக்கு ஓர் அறிவிப்புதான் கிடைத்தது. மை-கா திட்டம் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். முந்தின நாள் வரை அது இருந்தது. எச்சரிக்கை, கெடு எதுவும் வரவில்லை.

மை-கா என்பது செல்லப் பெயர். ராணுவத் துணைவர்களின் தொழில் முன்னேற்றத்துக்கான கணக்கு என்று முழுப்பெயரைச் சொல்லலாம். 2009 மார்ச்சில் பாதுகாப்புத் துறை இதை எல்லோருக்கும் திறந்தது. ஆளுக்கு 6,000 டாலர். கணவர் சிப்பாயா கர்னலா என்று யாரும் கேட்கவில்லை. சான்றிதழ் படிப்பா முதுகலையா என்றும் பார்க்கவில்லை. செய்தி பரவப் பரவக் கூட்டம் சேர்ந்தது. மாதம் பத்தாயிரம் போல வந்துகொண்டிருந்த விண்ணப்பம் 2010 ஜனவரியில் எழுபதாயிரத்தைத் தொட்டது. ஒதுக்கிய பணம் தாங்காது என்று தெரிந்ததும் குழாயை மூடிவிட்டார்கள். ஏற்கெனவே கணக்கு வைத்திருந்த சுமார் 1,36,000 பேருக்கு மார்ச் 13-இல் மறுபடி திறந்தார்கள். புதியவர்கள் அக்டோபர் 25 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்று திறந்தது பழைய மை-கா அல்ல.

கல்வி உதவிகளை ஒப்பிடும் எல்லோரும் முதலில் தொகையைத்தான் பார்க்கிறார்கள். 4,000-மா, 7,000-மா, முழுக் கட்டணமா என்று. நான் வேறு இடத்தில் ஆரம்பிக்கிறேன். இந்தக் குழாய் யார் கையில் இருக்கிறது? பாதிப் படிப்பில் அதை மூட அவர்களால் முடியுமா? 2010-க்குப் பிறகு இந்தக் கேள்வியை விட்டுவிட்டுத் தொகையை மட்டும் பேசுவது சரிப்படாது.

ஒப்பிட ஒரு குடும்பம் வேண்டும், கற்பனையாகவே வைத்துக்கொள்வோம். வட கரோலினாவில் ஃபோர்ட் பிராக் ராணுவத் தளம். கணவர் சார்ஜென்ட், சம்பளத் தரம் இ-5. இரண்டு குழந்தைகள். மனைவிக்கு அங்குள்ள சமுதாயக் கல்லூரியில் இரண்டு வருட அசோசியேட் பட்டம் படிக்க ஆசை. 60 கிரெடிட், அதாவது பாட அலகு. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை பெட்டி கட்டவேண்டிய வாழ்க்கை என்பதால் இரண்டு வருடப் படிப்பே பெரிய துணிச்சல். ராணுவ வீட்டுத் துணைவர்களிடையே வேலையின்மை பாதுகாப்புத் துறையின் சொந்தக் கணக்கெடுப்புகளிலேயே பல வருடமாக 20 சதவீதத்தை ஒட்டி நிற்பதற்கு இந்தப் பெட்டி கட்டுதலும் ஒரு பெரிய காரணம்.

புதிய மை-கா

2010 அக்டோபரில் வந்த விதிகள் இவை. மொத்தம் 4,000 டாலர், வருடத்துக்கு 2,000-க்கு மேல் கிடையாது. கணவரின் தரம் இ-1 முதல் இ-5, டபிள்யூ-1, டபிள்யூ-2, ஓ-1, ஓ-2 இவற்றுக்குள் இருக்கவேண்டும். (இ என்பது சிப்பாய், சார்ஜென்ட் வரிசை, டபிள்யூ வாரண்ட் அதிகாரிகள், ஓ அதிகாரிகள்; எண் கூடக்கூடப் பதவி பெரிது.) சான்றிதழ், உரிமம், அசோசியேட் பட்டம் மட்டும். நான்கு வருட இளங்கலைக்கு இடமில்லை. மூன்று வருடத்துக்குள் முடிக்க வேண்டும். புத்தகச் செலவு உங்களுடையது. தர வரம்பைப் பிற்பாடு மாற்றியிருக்கிறார்கள், இனியும் மாற்றலாம். எனவே விண்ணப்பிக்கும் நாளில் எந்த விதி இருக்கிறதோ அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் குடும்பத்துக்கு இது பொருந்துகிறது. ஆனால் கணவருக்கு ஸ்டாஃப் சார்ஜென்டாக, அதாவது இ-6 ஆகப் பதவி உயர்வு வந்தால்? மற்ற வீடுகளில் இனிப்பு வாங்குவார்கள். இந்த வீட்டில் முதலில் தேதியைப் பார்க்க வேண்டும். படிப்புத் திட்டத்துக்கு ஒப்புதல் பதவி உயர்வுக்கு முன்பே வாங்கியிருந்தால் தொடரலாம். ஒப்புதல் வாங்காமல் இழுத்தடித்திருந்தால், அந்த 2010 விதிப்படி இ-6 மனைவிக்குக் கதவு சாத்தியாயிற்று.

குழாய் யார் கையில்? முழுக்கப் பாதுகாப்புத் துறையின் கையில். துணைவர்களுக்குப் படிப்புதவி தர இடம்கொடுக்கும் சட்டப்பிரிவே 'செயலாளர் திட்டம் அமைக்கலாம்' என்றுதான் சொல்கிறது. அந்த 'லாம்'-தான் 2010 பிப்ரவரியில் வேலையைக் காட்டியது. தரலாம் என்றால் தராமலும் இருக்கலாம்.

இதே துறையின் இன்னொரு உதவியோடு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் இன்னும் உறைக்கும். பணியில் இருக்கும் வீரர்களுக்கே ஒரு கட்டண உதவித் திட்டம் உண்டு. 2013 மார்ச்சில் செலவுக்குறைப்பு வந்தபோது தரைப்படையும் வேறு சில பிரிவுகளும் அதையும் இப்படித்தான் திடுமென நிறுத்தின. நாடாளுமன்றம் அந்த மாதமே தலையிட்டு, திரும்பத் தரச் சொல்லிச் சட்டம் போட்டது. சீருடைக்காரருக்கு நின்றது சில வாரம். புதிதாகச் சேர வந்த மனைவிமாருக்கு நின்றது எட்டு மாதம், திரும்பி வந்ததும் மூன்றில் ஒரு பங்கு குறைந்து. இதற்கு மேல் நான் என்ன சொல்ல.

ஜிஐ பில் மாற்றம்

மை-கா நின்ற அன்று பலரும் 'ஜிஐ பில்லை மாற்றிக்கொள்ளலாமே' என்றார்கள். 2009 ஆகஸ்ட் 1-இல் நடைமுறைக்கு வந்த புதிய ஜிஐ பில், வீரர் தன் கல்வி உரிமையை மனைவிக்கோ பிள்ளைக்கோ மாற்றிக்கொடுக்க வழி செய்கிறது. 36 மாதம், அதாவது நான்கு கல்வியாண்டு. அரசுப் பல்கலைக்கழகத்தில் உள்மாநிலக் கட்டணம், அதாவது அந்த மாநிலத்தவரிடம் வாங்கும் குறைந்த கட்டணம், முழுவதையும் கொடுக்கும். தொகையை மட்டும் பார்த்தால் மை-கா இதன் பக்கத்தில் நிற்கவே முடியாது.

விலை வேறு இடத்தில் இருக்கிறது. கணவர் ஆறு வருடம் பணியாற்றியிருக்க வேண்டும், மேலும் நான்கு வருடத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டும். சீருடையில் இருக்கும்போதே மாற்றிவிட வேண்டும், வெளியே வந்தபின் முடியாது. ஒப்புக்கொண்ட நான்கு வருடத்தை முடிக்காமல் விலகினால், சில விதிவிலக்குகள் போக, மனைவி படித்ததற்குக் கொடுத்த பணமே கடனாகத் திரும்பி நிற்கலாம். மனைவியின் படிப்புக்கு ஈடாகக் கணவரின் நான்கு வருடம். அந்த நான்கு வருடத்தில் எங்கே அனுப்புவார்கள் என்பது கையெழுத்துப் போடும்போது தெரியாது.

சரி, குழாய் யார் கையில்? இங்கே அது கணவரின் கையில். மாற்றிக்கொடுத்ததை அவர் எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், மாதத்தைக் குறைக்கலாம். மணமுறிவானால் இந்த உரிமையை இருவருக்கும் பொதுவான சொத்தாகக் கருதக்கூடாது என்று சட்டமே சொல்கிறது. வாஷிங்டனில் யாரோ ஓர் அதிகாரி மூடுவதற்கும் வீட்டுக்குள்ளேயே ஒருவர் மூடுவதற்கும் எது மேல் என்பது அவரவர் வீட்டு விஷயம். ஆனால் இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை, அதனால் சொல்கிறேன்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. கணவர் பணியில் இருக்கும்வரை ஜிஐ பில்லில் படிக்கும் மனைவிக்கு வீட்டுப்படி கிடையாது. அதே உரிமையைப் பிள்ளைக்குக் கொடுத்தால், அப்பா பணியில் இருந்தாலும் பிள்ளைக்கு வீட்டுப்படி உண்டு. ஆகவே கட்டணம் குறைந்த சமுதாயக் கல்லூரியில் மனைவி ஜிஐ பில்லைச் செலவழித்தால், வருடம் ஒன்பது மாத உரிமை போகும். கிடைப்பதோ இரண்டாயிரம் டாலர் சொச்சம் பெறுமான கட்டணம். தங்கக் காசைச் சில்லறையாக மாற்றிக் கத்திரிக்காய் வாங்கின மாதிரி. நான்கு வருட இளங்கலைக்கோ, கணவர் ஓய்வு பெற்றபின் வீட்டுப்படியோடு படிப்பதற்கோ வைத்துக்கொள்வதுதான் கணக்கு.

யாரும் கொண்டாடாத உள்மாநிலக் கட்டணம்

என் பட்டியலில் முதலிடம் இதற்குத்தான். இதில் காசோலை வராது, வாழ்த்துக் கடிதம் வராது. கல்லூரி ரசீதில் ஒரு எண் சின்னதாக இருக்கும், அவ்வளவுதான்.

2008-இல் வந்த உயர்கல்விச் சட்டத் திருத்தத்தின்படி, 30 நாளுக்கு மேல் பணியில் இருக்கும் வீரரின் மனைவிக்கும் பிள்ளைக்கும், அவர் நிரந்தரமாகப் பணியமர்த்தப்பட்ட மாநிலத்தின் அரசுக் கல்லூரிகள் வெளிமாநிலக் கட்டணம் வாங்கக்கூடாது. 2009 ஜூலையிலிருந்து இது நடப்பில் இருக்கிறது. ஃபோர்ட் பிராக் வீட்டுக்கு இதன் மதிப்பு என்ன? வட கரோலினா சமுதாயக் கல்லூரிகளில் அண்மை வருடங்களில் ஒரு கிரெடிட்டுக்கு உள்மாநிலத்தவருக்கு 76 டாலர், வெளிமாநிலத்தவருக்கு 268 டாலர். 60 கிரெடிட்டுக்கு 4,560, 16,080. வித்தியாசம் 11,520 டாலர். மை-காவின் மொத்தத் தொகையைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு!

இதற்குத் தர வரம்பு கிடையாது. கணவர் இ-6 ஆனாலும் ஜெனரலே ஆனாலும் உண்டு. ஒதுக்கீடு தீர்ந்துபோகும் என்ற பேச்சும் இல்லை. இது யாரோ எடுத்துக் கொடுக்கும் பணம் அல்ல, வாங்கக்கூடாத பணம். சட்டத்தில் இங்கே 'லாம்' இல்லை, 'கூடாது'-தான். நடுவில் கணவரை டெக்சாஸுக்கு மாற்றினாலும், விடாமல் பதிவு செய்து படித்துக்கொண்டிருந்தால் பழைய கட்டணமே தொடரும். 'விடாமல்' என்பதை மட்டும் அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். வீடு மாற்றும் அலுப்பில் ஒரு செமஸ்டரை விட்டால் இந்தச் சலுகையும் கைவிட்டுப் போகும். இணையவழியில் ஒரே ஒரு பாடமாவது எடுத்துவைப்பது நல்லதா, அதுவே போதுமா என்று கல்லூரிப் பதிவாளரிடம் முன்கூட்டிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பெல் கிராண்ட்

குடும்ப வருமானத்தைப் பார்த்து அமெரிக்க அரசு மாணவர்களுக்குத் தரும் உதவித்தொகை இது. இதை ஏழைகளுக்கான உதவி என்று எண்ணிப் பல ராணுவக் குடும்பங்கள் ஒதுக்கிவிடுகின்றன. இதற்கு விண்ணப்பிக்கும் ஃபாஃப்சா என்ற படிவத்தைத் திறப்பதே இல்லை. நிரப்பிப் பார்க்க வேண்டும். வீட்டு வாடகைக்காக ராணுவம் தரும் படிக்கு வரி இல்லை, அதனால் அது வருமானக் கணக்கில் ஏறுவதில்லை. இ-5 ஒருவரின் அடிப்படைச் சம்பளம் மட்டுமே வருமானமாக உள்ள நால்வர் குடும்பம் தகுதி பெற நல்ல வாய்ப்பு உண்டு. உச்சத்தொகை 2025-26 கல்வியாண்டில் 7,395 டாலர். திருப்பித் தரவேண்டியதில்லை. இளங்கலைக்கும் செல்லும், முதல் பட்டமாக இருந்தால் போதும்.

நம் சார்ஜென்ட் வீட்டுக்கு வருவோம். உள்மாநிலக் கட்டணம் 30 கிரெடிட்டுக்கு, அதாவது ஒரு வருடத்துக்கு, 2,280 டாலர். பெல் முழுதாகக் கிடைத்தால் கட்டணம் போக மீதி மாணவி கைக்கே வரும், புத்தகத்துக்கும் பெட்ரோலுக்கும் ஆகும். மை-காவில் இதெல்லாம் நடக்காது.

குறை இல்லாமல் இல்லை. படிவம் இரண்டு வருடத்துக்கு முந்தைய வரிக் கணக்கைப் பார்க்கும். மனைவி அப்போது வேலையில் இருந்து, இடமாற்றத்தால் விட்டிருந்தால், இல்லாத சம்பளம் இருப்பதாகக் கணக்கு வரும். அப்போது கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்துக்குப் போய், நிலைமை மாறிவிட்டது என்று ஆதாரத்தோடு சொல்லி மறுபரிசீலனை கேட்கலாம். கேட்காதவருக்கு அவர்களாக முன்வந்து செய்யமாட்டார்கள். இன்னொன்று, மிகக் குறுகிய சான்றிதழ் படிப்புகளுக்கு பெல் செல்லாது என்பதுதான் இதுவரை மை-காவுக்கு இருந்த பலம். 2025-இல் இயற்றிய சட்டப்படி 2026 ஜூலை 1 முதல், தகுதி பெறும் 8 முதல் 15 வாரத் தொழிற்பயிற்சிகளுக்கும் பெல் உண்டு. எந்தப் படிப்பு தகுதி பெறும் என்பதில் மாநிலங்களுக்கும் கை இருப்பதால், மை-காவை இப்போதே கழித்துக்கட்ட வேண்டாம்.

குழாய் நாடாளுமன்றத்தின் கையில். அங்கேயும் சண்டை உண்டு, ஆனால் ஒரு செவ்வாய்க்கிழமை காலை எழுந்து பார்க்கையில் காணாமல் போவது போன்ற காரியம் அங்கே எளிதில் நடப்பதில்லை.

மற்றவை

விமானப்படைக் குடும்பமாக இருந்தால் ஏர் ஃபோர்ஸ் எய்டு சொசைட்டியின் ஜெனரல் ஹென்றி ஆர்னல்ட் கல்வி உதவி உண்டு. 1969 முதல் இயங்கும் தேசிய ராணுவக் குடும்பச் சங்கமும் துணைவர்களுக்கு உதவித்தொகை தருகிறது. சின்னத் தொகைகள், போட்டி அதிகம். உரிமத் தேர்வுக் கட்டணத்துக்கு, புத்தகத்துக்கு என்று நினைத்து விண்ணப்பிக்கலாம்; இவற்றை நம்பிச் சேர்க்கை போட வேண்டாம். மாணவர் கடன் கடைசி வழி. ஏழு மாநிலம் மாறி ஏழு முறை வேலை தேடப்போகிறவர் கடனோடு தொடங்குவது எனக்குப் பிடிக்கவில்லை.

என் வரிசை

இ-5 வீட்டுக்கு: முதலில் உள்மாநிலக் கட்டணத்தை உறுதி செய்துகொள்ளுங்கள், அப்புறம் ஃபாஃப்சா. பெல் முழுதாக வந்தால் மை-காவின் 4,000-ஐ உரிமத் தேர்வுக்கும் அடுத்த சான்றிதழுக்கும் வைத்துக்கொள்ளலாம். பெல் குறைவாக வந்தால் கட்டணத்துக்கு மை-கா. ஜிஐ பில்லைத் தொடவே வேண்டாம்.

இ-7 வீட்டில், பத்து வருடத்துக்கு மேல் சேவை செய்தவர் இருந்தால் கதை வேறு. 2010-இல் அதிகம் இழந்தது இவர்கள்தான். அதிக முறை ஊர் மாறி, அதிக முறை படிப்பைப் பாதியில் விட்ட மனைவிமார் இந்த வீடுகளில்தான் இருந்தார்கள். இவர்களுக்கு மை-கா இல்லை, பெல்லும் கடினம். உள்மாநிலக் கட்டணத்தோடு ஜிஐ பில் மாற்றம்தான் கைகொடுக்கும். கணவர் எப்படியும் ஓய்வூதியம் வரை இருக்கப்போகிறார் என்றால் அந்த நான்கு வருடக் கையெழுத்தும் பாரமில்லை. ஆறு மாதத்தை மட்டும் மனைவிக்கு எழுதி, மீதியைப் பிள்ளைகள் பெயரில் ஆளுக்கு ஒரு மாதமாவது போட்டுவைத்தால், பிற்பாடு கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். சீருடையில் இருக்கும்போது பெயரே சேர்க்காமல் விட்ட பிள்ளைக்கு, வெளியே வந்தபின் ஒரு மாதம்கூடக் கொடுக்க முடியாது.

மை-காவுக்கு விண்ணப்பிப்பவர்கள் எந்தத் தரமாக இருந்தாலும், ஒப்புதல் வந்த அன்றே அந்தப் பக்கத்தைத் தேதியோடு அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப உள்ளே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று 2010 பிப்ரவரி 15 அன்று பலரும் நினைத்திருப்பார்கள்.