கையில் இருப்பது: தேத்தண்ணி இல்லை

சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு செம்பனை ஆலையில் எடைமேடைக் கிராணி நான். இரவு ஷிப்ட் என்றால் ஒரு லோரிக்கும் அடுத்த லோரிக்கும் நடுவில் சில நாள் முக்கால் மணி நேரம் சும்மா கிடைக்கும். கைப்பேசியைத் தேய்த்துத் தேய்த்துக் கண் எரிந்ததுதான் மிச்சம். கம்பாரில் படிக்கும் அக்காள் மகன் போன தீபாவளிக்கு வந்தபோது, "மாமா, உங்களுக்குன்னே ஒரு கேம் இருக்கு. சுடவும் வேணாம், ஓடவும் வேணாம். வாசிக்கணும், டைப் பண்ணணும், அவ்வளவுதான்" என்று என் பழைய மடிக்கணினியில் திறந்து வைத்துவிட்டுப் போனான். அவன் போய் ஐந்து மாதம் ஆகிறது. நான் இன்னும் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

'தி ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைட் டு த கேலக்ஸி'. 1984-இல் இன்ஃபோகாம் என்ற அமெரிக்க நிறுவனம் வெளியிட்டது. அதே பெயரில் நாவல் எழுதிய டக்ளஸ் ஆடம்ஸும், இன்ஃபோகாமின் ஸ்டீவ் மெரெட்ஸ்கியும் சேர்ந்து வடிவமைத்தது. 2014-இல் பிபிசி முப்பதாம் ஆண்டுப் பதிப்பாக இணையத்தில் போட்டது. அதைத்தான் நான் ஆடுகிறேன். ஒரு வெள்ளிகூடச் செலவில்லை. அந்தக் காலத்தில் பெட்டியாக வாங்கியவர்களுக்கு வேடிக்கைப் பொருள்களும் கிடைத்தன: ஆபத்து வந்தால் தானே கறுத்துவிடும் கண்ணாடி என்று சொல்லி முழுக்கக் கறுப்பு அட்டையில் ஒரு கண்ணாடி, கண்ணுக்குத் தெரியாத விண்வெளிப் படை என்று ஒரு காலி பிளாஸ்டிக் பை. காலிப் பையைக் காசுக்கு விற்கிற தைரியம் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆட்டம் இருட்டில் தொடங்கும். படுக்கையறை, தலைவலி. விளக்கைப் போடச் சொல்லி நீங்கள் எழுத வேண்டும். எழுந்து, மேலங்கியைப் போட்டுக்கொண்டு, அதன் பையில் இருக்கும் மாத்திரையை விழுங்கினால் பத்து மதிப்பெண். மொத்தம் 400. வெளியே உங்கள் வீட்டை இடிக்க புல்டோசர் வந்து நிற்கிறது. நாங்கள் இருந்த தோட்டத்து லயத்தை, அந்த வரிசை வீடுகளை, இடித்த நாளில் நான் பள்ளிக்கூடப் பையன். அதனால் புல்டோசர் முன்னால் போய்ப் படுக்க வேண்டும் என்று எனக்கு யாரும் குறிப்புக் கொடுக்கத் தேவைப்படவில்லை. அன்றைக்குப் படுக்காததை நாற்பது வருடம் கழித்துப் படுத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பூமியே போய்விடும். வேற்றுக்கிரகக் கப்பலில் கண் விழிப்பீர்கள். இந்த ஆட்டத்தின் பெயரைக் கெடுத்ததும் பெயர் வாங்கிக் கொடுத்ததும் அங்கேதான் இருக்கிறது: பேபல் மீன். அதைக் காதில் போட்டுக்கொண்டால் எந்த மொழியும் புரியும். சுவரில் ஒரு இயந்திரம், ஒரு பொத்தான். அழுத்தினால் மீன் பறந்துபோய் எதிர்ச்சுவரில் உள்ள ஓட்டைக்குள் விழுந்துவிடும். சரி, ஓட்டைக்கு மேலே இருக்கும் கொக்கியில் மேலங்கியை மாட்டினேன். இந்த முறை மீன் அங்கியில் பட்டு வழுக்கித் தரையில் இருந்த சாக்கடைக் கம்பிக்குள் போனது. துண்டை விரித்துக் கம்பியை மூடினேன். ஒரு துப்புரவு ரோபோ பாய்ந்து வந்து மீனைப் பொறுக்கிக்கொண்டு சுவரின் கீழே உள்ள சின்னக் கதவுக்குள் ஓடிவிட்டது. கதவை அடைக்கத் தோள்பையை வைத்தேன். இப்போது மேலே பறக்கிற இன்னொரு ரோபோ வந்து மீனை அந்தரத்திலேயே பிடித்தது. இயந்திரத்தில் இருப்பதோ எண்ணி வைத்த சில மீன்கள்தான்.

கடைசி விடையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தோள்பையின் மேல் ஒரு கட்டு விளம்பரக் கடிதங்களை வைக்க வேண்டும். மீன் மோதியதும் காகிதம் எல்லாம் பறக்கும், ரோபோ அதைப் பொறுக்க அலையும், மீன் நேராக உங்கள் காதுக்குள். அந்த விளம்பரக் கடிதக் கட்டு எங்கே கிடைக்கும் தெரியுமா? பூமியில், உங்கள் வீட்டு வாசலில். குப்பைதானே என்று விட்டுவிட்டு வந்திருந்தால், பூமி இப்போது இல்லை. முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். இதைத் தாண்டியவர்கள் போட்டுக்கொள்வதற்கென்றே இன்ஃபோகாம், மீன் கிடைத்தது என்று அச்சடித்த டீ சட்டை விற்றதாம். எனக்கு எட்டு இரவு ஆனது. மீன் காதில் விழுந்தபோது விடியற்காலை மூன்றரை மணி. நான் போட்ட சத்தத்தில் லோரிக்காரர் இறங்கி வந்து, "என்னண்ணே, நாலு நம்பர் லாட்டரி அடிச்சிருச்சா?" என்று கேட்டார்.

குறை என்று சொன்னால் இதுதான் பெரிய குறை: காலையில் விட்ட தவற்றுக்கு ஆட்டம் சாயங்காலம் கழுத்தைப் பிடிக்கும். மதுக்கடைக்கு வெளியே நிற்கும் நாய்க்கு சாண்ட்விச் போடாவிட்டால், பல மணி நேரம் கழித்து, வேறொரு உலகத்தில் அதே நாய் ஒரு குட்டி விண்வெளிப் படையை நீங்கள் உள்ளே இருக்கும்போதே விழுங்கிவிடும். முடிவுக்கு அருகில் ஒரு சோக ரோபோ உங்களிடம் ஒரு கருவி கேட்கும். ஆட்டத்தில் இருக்கும் பத்துக் கருவிகளில் எது உங்கள் கையில் இல்லையோ, சரியாக அதையே கேட்கும். இது அநியாயம். ஆனால் எடைமேடையில் இருபது வருடம் குப்பை கொட்டியவனுக்கு இந்த அநியாயம் பழகிப்போன ஒன்று. காலையில் ஒரு சீட்டில் எண்ணை மாற்றி எழுதினால் மாதக் கடைசியில்தான் தெரியவரும்.

தேத்தண்ணி விஷயத்துக்கு வருகிறேன். ஆட்டத்தில் உங்கள் கையில் என்னென்ன இருக்கிறது என்று கேட்டால் பட்டியல் வரும். அதில் 'தேத்தண்ணி இல்லை' என்பதும் ஒரு பொருள்! கப்பலில் இருக்கும் இயந்திரத்திடம் தேத்தண்ணி கேட்டால் வேறு எதையோ ஊற்றித் தரும். பிற்பாடு ஒரு கதவு, நீங்கள் அறிவாளி என்று நிரூபித்தால்தான் திறப்பேன் என்று அடம்பிடிக்கும். நிரூபணம்: தேத்தண்ணியும் கையில் இருக்க வேண்டும், தேத்தண்ணி இல்லை என்பதும் கையில் இருக்க வேண்டும். அதற்கு முன்னால் உங்கள் மூளைக்குள்ளேயே புகுந்து பொது அறிவைக் கழற்றி எடுத்துவிட வேண்டும். அக்காள் மகன் இதைத் தத்துவம் என்கிறான். ஒரே லோரியைக் கனமாகவும் காலியாகவும் நிறுத்து ஒரே சீட்டில் எழுதுகிறவனுக்கு இதில் என்னடா தத்துவம்?

ஆடம்ஸின் நாவலை நான் ஈப்போ பழைய புத்தகக் கடையில் வாங்கி முன்பே வாசித்திருந்தேன். நல்ல சிரிப்பு, ஆனால் கதை அங்கங்கே தொங்கும். ஆட்டத்தை ஆடிய பிறகுதான் ஏன் என்று புரிந்தது. மனுஷர் தனியாக உட்கார்ந்து எழுதுகிற ஆள் இல்லை. 1978-இல் பிபிசி வானொலி நாடகமாகத்தான் இந்தக் கதை தொடங்கியது. 1979-இல்தான் நாவல் ஆனது. நாவலுக்குக் கெடு வைத்தால் தள்ளிப் போட்டுக்கொண்டே இருப்பார். நான்காவது நாவலுக்காக அவரது பதிப்பாசிரியர் ஹோட்டல் அறையில் கூடவே தங்கிக் காவல் காத்து எழுத வைத்தார். ஆனால் ஆட்டம் என்றால் வேறு மாதிரி. மெரெட்ஸ்கி அமெரிக்காவிலிருந்து வந்து, இரண்டு பேரும் இங்கிலாந்தின் ஒரு கிராமத்து விடுதியில் உட்கார்ந்து பேசிப் பேசியே ஆட்டத்தின் மிச்சத்தை முடித்தார்கள். எதிரே பதில் பேச ஆள் இருந்தால்தான் அவருக்கு ஓடும். ஆடுகிறவன் என்ன எழுதுவான், அதற்கு எப்படி மடக்கலாம் என்கிற குறும்பு இந்த ஆட்டத்தின் ஒவ்வொரு வரியிலும் இருக்கிறது. கப்பலில் ஓர் இடத்தில் இங்கே பார்க்க ஒன்றுமில்லை என்று பச்சைப் பொய் சொல்லும். விடாமல் திரும்பத் திரும்பக் கேட்டால்தான் ஒத்துக்கொள்ளும். நாவலில் இதைச் செய்ய முடியுமா?

அவருடைய மற்ற ஆட்டங்களையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 1987-இல் வந்த 'பீரோக்ரசி', வீடு மாறிய ஆடம்ஸ் தன் வங்கியிடம் புது முகவரியை ஏற்க வைக்கப் பட்ட பாட்டிலிருந்து பிறந்தது. சிரிப்பு குறைவு, எரிச்சல் அதிகம். லயத்திலிருந்து தாமான் குடியிருப்புக்குக் குடிவந்து இத்தனை வருடம் ஆகியும், எனக்கு ஓர் அலுவலகத்திலிருந்து இன்னும் இல்லாத லயத்தின் முகவரிக்கே கடிதம் போகிறது. அதனால் கொஞ்ச நேரம் ஆடிவிட்டு மூடிவிட்டேன். 1998-இல் வந்த 'ஸ்டார்ஷிப் டைட்டானிக்'கில் ரோபோக்களோடு என்ன வேண்டுமானாலும் தட்டச்சு செய்து பேசலாம். படம் அழகு. மூன்று குறுந்தட்டுகளில் எனக்குக் கிடைத்த மூன்றாவது தட்டு கீறல், அதனால் முடிவு தெரியாது. அதன் நாவலை எழுத ஆடம்ஸுக்கு நேரமில்லாமல் மாண்டி பைதான் நகைச்சுவைக் குழுவின் டெர்ரி ஜோன்ஸ் எழுதினார் என்பதைக் கேட்டபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை. 2001-இல், 49 வயதில் ஆடம்ஸ் மாரடைப்பில் போய்விட்டார்.

யார் ஆடலாம்? ஆங்கிலம் ஓரளவு ஓடணும். அவசரக்காரர்கள் வேண்டாம். நாவலை வாசித்தவர்களுக்கு முதல் அரை மணி நேரம் சுலபம், அதற்கு மேல் நாவல் உதவாது. நான் இப்போது 400-க்கு 310-இல் நிற்கிறேன், அந்த ரோபோ என்னிடம் இல்லாத ஒன்றைக் கேட்டுக்கொண்டு எதிரே நிற்கிறது. நீங்கள் தொடங்கினால் முதல் அறையிலேயே பல் தேய்க்கும் பிரஷ்ஷை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.