கைபேசியில் டெஸ்க்டாப் மென்பொருள்: ஃபாஷ், டாக், லிபர்டைன் – எது எதற்கு?

லினக்ஸ் கைபேசி வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: "கம்ப்யூட்டர்ல இருக்கிற சாஃப்ட்வேர் எல்லாம் இதுல ஓடுமா?" ஓடும். பைன்போன் என்ற லினக்ஸ் கைபேசியில் மொபியன் என்ற இயங்குதளத்தைப் போட்டால், அது கணினிகளில் ஓடும் டெபியன் லினக்ஸேதான். லிப்ரே ஆபீஸ், கிம்ப், இங்க்ஸ்கேப் என்று வேண்டியதை ஆப்ட் என்ற நிறுவும் கருவி மூலம் இறக்கிக்கொள்ளலாம். கைபேசியின் சிப் வேறு வகை என்பதால், இன்டெல், ஏஎம்டி சிப்புகளுக்கென்று மட்டும் வெளியிடப்படும் மூடிய மென்பொருள்கள்தான் சிக்கல். ஆனால் ஓடுவது வேறு, கைக்கு அடங்குவது வேறு. வழிகளை ஒப்பிடும்போது நான் பார்ப்பது அந்த இரண்டாவதைத்தான்.

பைன்போன், லிப்ரெம் 5 என்ற இன்னொரு லினக்ஸ் கைபேசி, இரண்டின் திரையும் 720-க்கு 1440 புள்ளிகள். எழுத்து கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதால் ஃபாஷ் என்ற கைபேசி இடைமுகம் எல்லாவற்றையும் இரண்டு மடங்காக்கிக் காட்டுகிறது. ஆக, மென்பொருளுக்குக் கிடைக்கும் அகலம் வெறும் 360. லினக்ஸ் கணினிகளின் டெஸ்க்டாப் இடைமுகமான க்னோமை எழுதும் குழு இந்த 360-ஐ மனத்தில் வைத்தே தன் வடிவமைப்பு நெறிகளை எழுதியிருக்கிறது. அவர்களின் லிப்அட்வைதா நூலகம் கொண்டு ஒழுங்காக எழுதப்பட்ட செயலிகள் அந்த அகலத்துக்குத் தாமாகவே மடங்கிக்கொள்ளும். பக்கப்பட்டை உள்ளே போய்விடும், பொத்தான்கள் கீழே இறங்கிவிடும். க்னோமின் உரைத் திருத்தி, கடிகாரம், செட்டிங்ஸ் போன்றவற்றைத் திறந்தால், அவை கணினிக்கும் எழுதப்பட்டவை என்பதே மறந்துபோகும். ஃபயர்பாக்ஸ் தானாக மடங்காது. ஆனால் போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் என்ற இன்னொரு கைபேசி லினக்ஸின் குழு அதற்கென்றே ஓர் அமைப்புத் தொகுப்பு எழுதியிருக்கிறது. மொபியனும் அதைத் தருகிறது.

கிம்ப் அப்படியல்ல. படத்தை ஏற்றுமதி செய்யப் போனால் வரும் பெட்டி, திரையை விட அகலம். சேமிக்கும் பொத்தான் வலப்பக்கம் எங்கோ வெளியே கிடக்கும். இதற்காக ஃபாஷில் ஒரு வசதி உண்டு: மொபைல் செட்டிங்ஸில் அந்தச் செயலியின் பெயருக்கு நேரே உள்ள பொத்தானைத் தட்டினால், விண்டோ முழுவதையும் சுருக்கித் திரைக்குள் திணித்துவிடும். பொத்தான் இப்போது கண்ணுக்குத் தெரியும், ஆனால் அரிசி மணி அளவில். விரல் நுனி அதன்மேல் வைத்தால் பக்கத்துப் பொத்தானையும் சேர்த்து மறைக்கிறது. போனைப் படுக்கவசமாகத் திருப்பினால் கொஞ்சம் தேவலை. அப்புறம் திரைக் கீபோர்ட் மேலே வந்து பாதியை விழுங்கிவிடும். அவசரத்துக்கு ஒரு படத்தை வெட்டலாம். அதற்கு மேல் வேண்டாம்.

அதனால் டாக்: போனில் செருகி மானிட்டர், கீபோர்ட் போன்றவற்றை இணைக்கும் பெட்டி. பைன்போனின் கன்வெர்ஜன்ஸ் பதிப்பு 3 ஜிபி ரேமும் ஒரு சிறிய யூஎஸ்பி-சி டாக்கும் சேர்ந்தே வந்தது. மானிட்டர், மவுஸ், கீபோர்ட் மூன்றையும் செருகினால் விண்டோ பெரிய திரைக்கு நகரும். அகலப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். லோஹித் தமிழ் எழுத்துருவை நிறுவிவிட்டு லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் ஒரு கடிதம் தட்டச்சு செய்வது இங்கே உண்மையிலேயே சுகம். ஆனால் உள்ளே இருப்பது நான்கு கார்டெக்ஸ் ஏ53 கோர்கள் கொண்ட ஆல்வின்னர் ஏ64. ரைட்டர் திறக்கும் வரை பொறுமை வேண்டும்; கூடவே பிரௌசரில் நாலைந்து டேப் திறந்தால் மூச்சு வாங்கும். ஆர்கே3399எஸ் சிப்பும் 4 ஜிபி ரேமும் கொண்ட பைன்போன் ப்ரோ இந்த வேலைக்கு எவ்வளவோ மேல். அதன் உற்பத்தியை 2025-இல் நிறுத்திவிட்டார்கள் என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

வேகம் வேண்டுமென்றால் பலரும் கைகாட்டுவது, போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் போட்ட ஒன்பிளஸ் 6. ஸ்னாப்டிராகன் 845, பைன்போனோடு ஒப்பிடவே முடியாது. வாங்குவதற்கு முன் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: அதன் யூஎஸ்பி-சி துளை வழியாக மானிட்டருக்குப் படம் போகாது. டாக்கை நம்பி அதை வாங்கினால் ஏமாற்றம்தான். இன்னொன்று, போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் ஆல்பைன் என்ற லினக்ஸின் மீது எழுந்தது. மென்பொருள்கள் நம்பியிருக்கும் அடிப்படை சி நூலகம் அதில் மஸ்ல்; டெபியனில் இருப்பது வேறு. டெபியனுக்கென்று கட்டப்பட்ட பைனரி அதில் நேரடியாக ஓடாது. தேவையான நூலகங்களைத் தன்னோடு சுமந்துவரும் ஃப்ளாட்பேக் பொதி போன்ற வழிகளில் போக வேண்டும்.

உபுண்டு டச் என்ற கைபேசி இயங்குதளத்தின் பாதை முற்றிலும் வேறு. 2017-இல் உபுண்டுவின் நிறுவனமான கனோனிக்கல் கைவிட்டதை யூபிபோர்ட்ஸ் தன்னார்வலர்கள் எடுத்து வளர்த்து வருகிறார்கள். அதில் அடிப்படை அமைப்பு எழுத முடியாதபடி பூட்டப்பட்டிருக்கும். டெஸ்க்டாப் மென்பொருளை லிபர்டைன் என்ற கண்டெய்னருக்குள், அதாவது தனியே ஒதுக்கிய அறை போன்ற இடத்துக்குள், வைத்து ஓட்ட வேண்டும். 2016-இல் வந்த பிக்யூ எம்10 டேப்லெட்டில் லிப்ரே ஆபீஸும் கிம்ப்பும் இப்படித்தான் வந்தன. உள்ளே என்ன குளறுபடி செய்தாலும் போன் பாதிக்காது, அது பெரிய நிம்மதி. ஆனால் சிறிய பொத்தான் பிரச்சினை அப்படியே இருக்கிறது, நிறுவும் வேலையும் கூடுதல். கையில் இருப்பது ஒரே போன், அழைப்பும் குறுஞ்செய்தியும் தவறக்கூடாது என்பவருக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

ஆண்ட்ராய்டிலேயே டெபியன் ஓட்டலாமே என்பார்கள். பிக்சலில் 2025 முதல் அந்த வசதி உண்டு. சாம்சங்கும் 2018-இல் லினக்ஸ் ஆன் டெக்ஸ் என்று ஒன்றைக் கொண்டுவந்து அடுத்த ஆண்டே மூடிவிட்டது. நிறுவனம் நினைத்தால் எடுத்துவிடக்கூடிய வசதியை நம்பி என் வேலையை அமைத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

எனக்குப் பொருந்தியது மொபியனும் டாக்கும்: கையில் இருக்கும்போது மடங்கும் செயலிகள் மட்டும், மேசையில் உட்கார்ந்தால் மற்றவை. உங்களுக்கு எது என்று பார்க்கப் போன் வாங்க வேண்டியதில்லை. இப்போதிருக்கும் லினக்ஸ் கணினியில் அன்றாடம் பயன்படுத்தும் ஐந்து மென்பொருள்களைத் திறங்கள். ஒவ்வொரு விண்டோவின் வலது ஓரத்தையும் பிடித்து இடப்பக்கம் இழுத்துக்கொண்டே போங்கள். ஏறக்குறைய உள்ளங்கை அகலம் வரை வருவது கைக்கு. பாதியிலேயே முரண்டு பிடித்து நிற்பதற்கு டாக்.