சாதா நைலான் ராடா, கிளாஸ் ஃபில்டு ராடா?

இயந்திர பாகங்கள் கடைய வாங்கும் ராடில் ஒரு வகை நைலான் 66. அதில் 30 சதவீதம் கண்ணாடி இழை சேர்த்ததுதான் கிளாஸ் ஃபில்டு. இழை சேர்த்தால் விறைப்பு கூடும், சூட்டில் விரிவது குறையும். தொடர்ந்து 110 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். சாதா ராடுக்கு 80–90 தான். தண்ணீரிலேயே கிடந்தால் சாதா நைலான் 8 சதவீதம் வரை ஈரம் குடிக்கும். புஷ்ஷின் (சுழலும் தண்டான ஷாஃப்டைத் தாங்கும் குழல்) துளை சுருங்கி ஷாஃப்டைக் கவ்விக்கொள்வது இதனால்தான். இழை சேர்த்தது 5–6 சதவீதத்தோடு நின்றுவிடும்.

அதற்காக எல்லாவற்றுக்கும் அதையே போடாதீர்கள். இழை முனைகள் மென்மையான ஷாஃப்டில் கோடு போட்டுவிடும். லேத்தில் கடையும்போது ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டூல் சீக்கிரம் மழுங்கும், அதைவிடக் கடினமான கார்பைடு டூல் வேண்டும்.

அடி விழும் ரோலர், கப்பி, ஓடும் புஷ் எல்லாவற்றுக்கும் சாதா நைலானே சரி, அதிர்ச்சியையும் வாங்கிக்கொள்ளும். சூட்டில் பாரம் சுமந்து அசையாமல் நிற்க வேண்டிய பிராக்கெட், மின்காப்புத் தாங்கி என்றால் யோசிக்காமல் கிளாஸ் ஃபில்டு வாங்குங்கள்.